காலி அறையின் பதிவு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் அண்ணனுக்கு நேற்றுதான் கட்டுப் பிரித்தார்கள். வலது முட்டி இனி முழுதாக மடங்காதாம். மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறார். நீ அனுப்பிய பழக்கூடை வந்தது. கடைக்காரர் அச்சடித்த வாழ்த்து அட்டை இருந்தது, உன் கையெழுத்துகூட இல்லை.

விபத்து விசாரணை அறிக்கையின் நகலும் வந்தது. கருவியில் குறை இல்லை, உதவியாளர், அதாவது உன் அண்ணன், கவனக்குறைவாக நின்றதே காரணம் என்று எழுதியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்களாம். அடியில் உன் கையெழுத்து அழகாக இருக்கிறது.

நீங்கள் இருவரும் சாப்பிடும்போது பேசிப் பேசி, உங்கள் வேலை எனக்கும் கொஞ்சம் புரியும். காரின் முன்பக்கம் பொருத்தும் ரேடார் அனுப்புகிற அலையில் கொஞ்சம் வெளியே போகாமல் அதன் காதுக்கே கசிந்துவிடும். கூடவே வேறு இரைச்சலும் சேரும். அதனால் எதிரில் ஒன்றும் இல்லாத அறையில் வைத்து, எந்தத் தூரத்தில் எவ்வளவு கேட்கிறது என்று பதிவு செய்வீர்கள். அந்த அளவுவரை கேட்டால் கண்டுகொள்ளாதே என்று கருவிக்குச் சொல்லிவைப்பீர்கள். சரிதானே?

அன்றைக்கு அறை காலியாக இல்லை, தம்பி. கருவியைப் பொருத்த உள்ளே போன உன் அண்ணன், அதற்கு எதிரில் இரண்டு மீட்டர் கோட்டில் நின்றிருந்தார். வெளியே வரட்டுமா என்று அவர் கேட்டதற்கு, "கதவத் தொறந்தா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்ணே, அசையாம நில்லு, ஒண்ணும் ஆகாது" என்றாயாம். தலைமை அலுவலகத்துக்குக் கிளம்புகிற அவசரம் உனக்கு.

பிறகு திடலில் சோதனை. முன்னால் ஆள் நின்றால், நிற்கும் வண்டி கிளம்பக் கூடாது. பழக்கத்தில் அதே இரண்டு மீட்டரில் போய் நின்றார். வண்டி கிளம்பிவிட்டது. அங்கே ஆள் நிற்பது வெறும் இரைச்சல் என்று நீதானே அதற்குக் கற்றுக்கொடுத்தாய்?

இதை உன் அண்ணனிடம் கேட்டால், "வெளியில சொன்னா அவன் பொழப்பே போயிடும், விடு" என்று என் வாயை அடைக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. ஐந்து வருஷம் எங்கள் வீட்டில் தங்கிப் படித்தவன் நீ. உன் சட்டையைக்கூட அவர்தான் தேய்த்துக் கொடுப்பார். இன்றுவரை அடுத்தவர் முன்னால் உன்னை விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தப் பதிவோடுதான் வண்டிகள் அடுத்த மாதம் விற்பனைக்கு வருகின்றனவாம். இவர் வாயைத் திறந்தாலும் தப்பிக்கப் பார்க்கிறார் என்பார்கள். நீ சொன்னால்தான் எடுபடும். "அன்று அறையில் என் அண்ணன் இருந்தார்" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. படியில் அவர் கால் சத்தம் கேட்கிறது, முடிக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வண்டி எதற்கும் முன்னால் இரண்டு மீட்டரில் மட்டும் நின்றுவிடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணி