கிழக்குச் சுவரின் நீலத் தகடு

இன்று காலை கிழக்குச் சுவரிலிருந்து நீலத் தகடுகளைக் கழற்றினார்கள், மச்சான். கை வைத்ததுமே ஓரங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. வீடு முழுக்கத் துரு வாடை. சித்திரையில் உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதுகூடச் சொல்லாததை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மணப்பட்டில் நான் வீடு கட்டியபோது, அக்கம்பக்கத்தில் உப்புக்காற்றுபட்டுச் சுவர்ப்பூச்சு பொரிந்து விழுவதைப் பார்த்துவிட்டு, கடல் பக்கச் சுவரை மூடி என்ன ஷீட் அடிக்கலாம் என்று உங்களைத்தான் கேட்டேன். என் அக்காவைக் கட்டியவர் என்பதற்காக மட்டுமில்லை. பனித்திட்டு வரைக்கும் ஷீட் வேலை என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் நீலத் தகட்டில் ஒரு துண்டும் சிமெண்ட் ஷீட்டில் ஒரு துண்டும் வெட்டி, கடல் பக்க வேலியில் கட்டித் தொங்கவிட்டீர்கள். "ஒரு மழ போவட்டும்டா. எது தாங்குதுன்னு பாத்துட்டு அடிக்கலாம்."

எனக்கு ஏது பொறுமை? கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பாகூரிலிருந்து மாமனார் வருகிறார், அவர் கண்ணுக்கு வீடு பளபளவென்று இருக்க வேண்டும். நீலத் தகடுதான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "வெட்டுன ஓரத்துல உப்பு பூந்துடும்டா, ரெண்டு வருசம் தாங்காது" என்றீர்கள். பிறகு நான் கேட்டபடியே அடித்துக் கொடுத்தீர்கள்.

இரண்டு வருஷத்துக்குள் நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. சுவர் நெடுகத் துரு வழிந்திருந்ததை மாமனார் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள இது, யாரு போடச் சொன்னது?" என்று கேட்டார். நீங்கள் பக்கத்தில்தான் டம்ளரோடு நின்றிருந்தீர்கள். "மச்சான்தான் இதுவே போதும்னாரு" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காபியைக் குடித்து முடித்தீர்கள். மாமனார் கட்டிக்கொண்டிருந்த மாடியில் உங்களுக்கென்று பேசியிருந்த வேலை மறுவாரமே வேறு ஆளுக்குப் போனது. நான் வந்து மென்று விழுங்கியபோது, "வுடுடா, பொண்ணு குடுத்தவரு முன்னாடி நீ தலகுனியணுமா?" என்று பேச்சை முடித்துவிட்டீர்கள். நானும் வசதியாக அதோடு விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, மச்சான்.

இன்றைக்கு மாமனாரும் வந்திருந்தார். நீங்கள் அன்று வேலியில் கட்டிப் பார்த்த சிமெண்ட் ஷீட்டை அடிக்க வந்த ஆள், பழைய ஸ்குரூவைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கடலோரத்துல யாருங்க இதப் போடச் சொன்னது?" என்றார்.

"நான்தான்" என்றேன். மாமனாரைப் பார்த்தே சொன்னேன். "மச்சான் வேணாம்னு தலபாடா அடிச்சிக்கினாரு. நான்தான் கேக்கல. அன்னிக்கி உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "செத்தவரு மேல பழி நிக்கக் கூடாதுன்னு நீ ஏத்துக்கிற. எனக்குத் தெரியாதா மாப்ள? அன்னிக்கி சாயங்காலமே அவரு என் வூட்டாண்ட வந்து, 'தப்பு என்னுதுதான், அவன ஒண்ணியும் சொல்லாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாரு."

எனக்கு இது தெரியாது, மச்சான். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும், "எங்க மாப்ளைக்குப் பெரிய மனசு" என்றார். அக்காதான் பரிமாறிக்கொண்டிருந்தாள். என் இலையில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். உங்களுக்குச் சேர வேண்டிய பேரோடு உட்கார்ந்து நான் அதைச் சாப்பிட்டேன்.