பேர் சொல்லாதவளுக்கு

பக்கத்து வீட்டு ரோசம்மாவின் கொடியில் ரப்பர் ஷீட்டுகள் காய்கின்றன. அந்தப் புளித்த வாசனை ஜன்னல் வழியாக வந்து, நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த மேசைக்கு மேலே நிற்கிறது. நாற்பது வருஷத்துக்கு மேல் என் சட்டையில் இருந்த வாசனை. நான் வாசலில் கால் வைக்கும்போதே நீ மூக்கைச் சுளித்து, "குளிச்சிட்டு வந்தா சோறு உண்டு, இல்லேன்னா இல்ல" என்பாய். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் குளித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும் என்று சொன்னேன், கவனித்தாயா? எழுபத்து நாலு வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. மெதுவாகத்தான் வருகிறது. மேலே உள்ள வரிகளை எழுதி முடிப்பதற்குள் ஒரு கட்டன் சாயா ஆறிப்போனது. போன மாதம் களியக்காவிளையில் நின்ற பஸ்ஸின் போர்டை ஒரு எழுத்தும் பிசகாமல் குலசேகரம் என்று வாசித்தேன். வாசித்த சந்தோஷத்தில் ஏறி உட்கார்ந்தும் விட்டேன். குலசேகரத்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. போய் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

நான் படிக்கப் போனது படிப்பின் மேல் உள்ள ஆசையால் அல்ல, பயத்தால். அதை உன்னிடம்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அந்தப் பயம் உனக்குத் தெரியும்.

விடிவதற்கு முன்பே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவனுக்கு மதியச் சோற்றுக்குப் பிறகு வருகிற உறக்கம் சாதாரண உறக்கம் அல்ல. கல் கிணற்றில் விழுவதுபோல விழுவேன். சில நாள் பாதியில் கண் திறந்துவிடும். ஓடு தெரியும், ஓட்டின் ஓட்டை வழியாக விழும் வெயில் தெரியும், அடுக்களையில் நீ பாத்திரம் கழுவுவது கேட்கும். ஆனால் ஒரு விரல் அசையாது. வாயைத் திறக்க முடியாது. நெஞ்சின் மேல் யாரோ ஈர ரப்பர் ஷீட் ஒன்றை விரிப்பார்கள், அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. மூச்சு சின்னதாகிக்கொண்டே போகும். அமுக்குவான் என்று ஊரில் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது கறுத்த உருவமாக வந்து நெஞ்சில் ஏறி உட்காருமாம். எனக்கு மட்டும் வேலை செய்யும் இடத்துச் சாமானே வந்தது.

அப்போது ஒரு குரல் கேட்கும். "பாலையா, எலே பாலையா, எந்திரிலே." உடனே கால் விரல் அசையும். நான் வெளியே வந்துவிடுவேன்.

வந்த பிறகும் அது முழுதாகப் போகாது. அரிசிப் பெட்டி இருந்த மூலையில் ஒரு வெள்ளை ஷீட் தண்ணீர் சொட்டத் தொங்கும். கண்ணைக் கசக்கினாலும் தொங்கும். நீ ஈரக் கையோடு பாயின் பக்கத்தில் நிற்பாய்.

"இன்னும் நிக்குதா?"

"உண்டு."

"எங்க?"

"பெட்டிக்க மேல."

நீ போய், அந்த ஷீட் தொங்குகிற இடத்தில் சரியாக நின்றுகொள்வாய்.

"இப்பம் அது தெரியுதா, நான் தெரியுதேனா?"

"ரெண்டும்."

"அப்ப இன்னும் கொஞ்சம் நிக்கேன். வேகம் பாருங்க, அடுப்புல மீன் கெடக்கு."

நான் பார்த்துக்கொண்டே கிடப்பேன். ஷீட் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். உன் முந்தானையில் இருக்கும் மஞ்சள் கறை தெளியும், பிறகு கை தெளியும், கடைசியாக முகம். "இப்பம் நீதான்" என்பேன். "அப்ப நான் போறேன்" என்று போய்விடுவாய். ஒரு தடவை மீன் கரிந்தே போனது. அன்றைக்கு அமுக்குவானை நீ திட்டிய திட்டு, அது கேட்டிருந்தால் அந்த வருஷம் முழுக்க வந்திருக்காது.

"என்னெப் பேரு சொல்லி விளிச்சது ஆரு?" என்று எத்தனையோ தடவை உன்னிடம் கேட்டிருக்கிறேன்.

"ஆரும் விளிக்கல்ல. அது சொப்பனமாக்கும்" என்பாய், முகத்தைப் பார்க்காமல்.

நானும் நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? என் பேர் பாலையன் என்பதால் பால் என்ற சொல்லையே வாயில் எடுக்காதவள் நீ. பால் வெட்டுகிறவனைக் கட்டிக்கொண்டு, பால் என்று ஒரு நாளும் சொல்லாமல் நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தினாய். மரத்தில் வடிவதும் வெள்ளை, மாட்டில் கறப்பதும் வெள்ளை. கல்யாணமான புதிதில் சாயாக்கடைக்குச் செம்போடு போய், "கொஞ்சம் வெள்ளை தாங்கண்ணா" என்று கேட்டாய். கடைக்காரருக்கு மலையாளக் காது. வெள்ளம் என்று நினைத்து, செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டார். நீ அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய்.

"பாலுன்னு கேட்டா என்ன?" என்றேன்.

"நீங்க போய் கேளுங்க. உங்க பேருதானே."

அப்படிப்பட்டவள் என்னை எலே என்று கூப்பிடுவாளா? சொப்பனம்தான் என்று இருந்துவிட்டேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அந்தக் குரல் உன்னுடையதாக இருக்க வேண்டும் என்று.

நீ கண்ணை மூடிய மாதத்திலேயே அது ஒரு தடவை வந்தது. ஷீட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான் குரலுக்காகக் காத்துக் கிடந்தேன். அடுக்களையில் சத்தமே இல்லை. எவ்வளவு நேரம் கிடந்தேனோ தெரியாது, அதுவாகத்தான் விட்டது. அடுத்த தடவை விடாமல் போனால் என்ன செய்வேன் என்று நினைத்தேன். அன்றோடு மதியம் படுப்பதை நிறுத்திவிட்டேன்.

உறக்கத்தை விரட்ட வேலியோரம் நடந்தேன், சாயாக்கடையில் உட்கார்ந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. அப்போதுதான் ரோசம்மா, "வாயனசாலையில ரெண்டு மணிக்கு எழுத்துக் கிளாஸ் உண்டு, வாருங்க மாமா" என்றாள். அந்த நூலகத்துக்கு நான் எழுத்துக்காகப் போகவில்லை, இரண்டு மணிக்காகப் போனேன்.

நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு டீச்சர் பஸ்ஸில் வருவார். மலையாளமும் தமிழும் இரண்டும் சொல்லித் தருவார். எது வேண்டும் என்று கேட்டார். தமிழ் என்றேன். நீ என்னோடு சண்டை போட்டது எல்லாம் தமிழில்தானே.

முதல் நாள் டீச்சர் ஆஜர் எடுத்தார். "பாலையன்" என்று சத்தமாகக் கூப்பிட்டார். ஊரில் என்னை யாரும் பேர் சொல்வதில்லை. எல்லோருக்கும் நான் மாமா, இல்லை என்றால் பால்வெட்டு அண்ணன். நான் திடுக்கிட்டு நின்றேன். என் பக்கத்தில் இருந்த ரோசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்னட்டி சிரிக்க?"

"ஒண்ணுமில்ல மாமா. இந்தப் பேர கேட்டு ரெண்டு வருசம் ஆச்சு. முந்தி மத்தியானம் மத்தியானம் கேக்கும்."

"ஆரு சொல்லி?"

"மாமிதான். நான் துணி காயப்போட நிக்கும்போ எங்க வேலி வரைக்கும் கேக்கும். எலே பாலையா, எந்திரிலேன்னு. முதல்ல கேட்டப்ப மாமிக்குப் புத்தி மாறிப்போச்சுன்னு பயந்தாக்கும் ஓடி வந்தேன்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

"ஓடி வந்து பாத்தா, மாமி உங்க கால்மாட்டுல நிக்கா. சொல்லிட்டுத் தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்துதா. மாப்பிள பேரச் சொன்னா அவருக்கு ஆயுசு குறையுமாமே. மரியாதையா விளிச்சுப் பாத்தேன் ரோசம்மா, இஞ்ச பாருங்கன்னு விளிச்சா இவரு வரமாட்டாரு, எலேன்னாத்தான் வருவாருன்னு சொன்னா. மாமாட்ட சொன்னா நான் உயிரோட இருக்கமாட்டேன்னு எனக்க கையில அடிச்சு சத்தியம் வாங்கினா."

"பின்ன இப்பம் சொல்லுத?"

"இனி அந்தச் சத்தியம் மாமிய என்ன செய்யும் மாமா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தேன், டீச்சர் தண்ணீர் கொண்டுவந்து தரும் வரைக்கும். பிறகு டீச்சர் சொன்னார், அமுக்குவான் பேயும் இல்லை பிசாசும் இல்லையாம். சொப்பனத்தில் நாம் எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடம்பு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளுமாம். சில நேரம் உடம்புக்கு முன்னால் மனசு விழித்துவிடுமாம். அதனால் ஆபத்து ஒன்றும் இல்லை, பூட்டு தானாகத் திறக்கும் என்றார். நல்ல விஷயம்தான். ஆனால் அன்று எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ரோசம்மா சொன்னது.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். எத்தனை மத்தியானம் என் ஆயுசை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னை வெளியே இழுத்திருக்கிறாய். ஒவ்வொரு தடவையும் பயந்திருக்கிறாய், ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கிறாய். உன் பயம் தப்பு என்று காட்டத்தான் நான் இன்னும் இருக்கிறேன் போலும். அதை உன்னிடம் காட்ட முடியவில்லை என்பதுதான் சங்கடம்.

டீச்சர் பலகையில் என் பேரை எழுதிக் காட்டினார். லை எழுதும்போது, பின்னால் வருகிற சத்தத்துக்கு முன்னால் கொம்பு போட வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் அதை மாற்றி மாற்றிப் போட்டேன். இப்போது சரியாகப் போடுகிறேன்.

முந்தாநாள் கிளாஸ் இல்லை. சாப்பிட்டேன், பாயை விரித்தேன், படுத்தேன். இத்தனை நாள் தள்ளி வைத்த உறக்கம் முழுதாக வந்து விழுந்தது. அதுவும் வந்தது. ஓடு தெரிந்தது, வெயில் தெரிந்தது, ஷீட்டுகள் விழ ஆரம்பித்தன. டீச்சர் சொன்ன பூட்டை நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடிந்தது, மூச்சு விடத்தான் முடியவில்லை. என் பேரை நானே உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறவன் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டியதுபோல இருந்தது.

பிறகு உன் பேரைச் சொன்னேன். நாற்பத்தாறு வருஷத்தில் உன்னை நான் ஒரு தடவை கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏட்டி என்றால் வந்துவிடுவாய், அதற்கு மேல் தேவைப்படவில்லை. உதடு அசையவில்லை, சத்தம் இல்லை, உள்ளே மட்டும் ஒரே ஒரு தடவை சொன்னேன். இடது காலின் பெருவிரல் அசைந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். மூலையில் ஷீட் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவசரப்படவில்லை. அது மங்கி முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இதை டீச்சர் வாசித்துப் பிழை திருத்துவார். யாருக்கு என்று பேர் போடவில்லையே என்று கேட்பார். எழுதத் தெரியும். மூன்றே எழுத்து. ஆனால் போட மாட்டேன். கண்ட இடத்தில் எடுத்துச் சொன்னால் அதன் வேகம் குறைந்துபோகும் என்று எனக்கும் இப்போது ஒரு பயம் வந்திருக்கிறது. நாளைக்கும் நான் மதியம் படுக்க வேண்டும்.