கியூபெக் வாக்கெடுப்பும் ஈஸ்ட் ஹாம் பொருளாதார மாநாடும்

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்.
11.10.1995

அன்பு மகள் சிவகௌரிக்கு,

சித்தப்பா எழுதிக்கொள்வது. இவ்விடம் உன் சித்தியின் முழங்காலும் என்னுடைய வாயும் நீங்கலாக மற்றவை யாவும் சுகம். அவ்விடம் மொன்றியலில் நீ, மருமகன் பாலேந்திரா, சின்னவன் மூவரும் சுகமாக இருக்க முருகனை மன்றாடுகிறோம். இந்தக் கிழமை சித்தி கனடா டொலருக்கும் சேர்த்து ஒரு அர்ச்சனை செய்தவ, ஐயர் அதற்கு நட்சத்திரம் என்ன என்று கேட்டாராம்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரெலிபோனில் பேசிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்ததே, அது அறவில்லை, நான்தான் வைத்தேன். அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அடியில் கிடக்கிற வயரைச் சுறா கடித்துவிட்டது என்று சித்திக்குச் சொன்னேன். அந்தச் சுறா சாரம் கட்டிக்கொண்டு கதிரையில் இருக்குது என்று சொல்லிவிட்டு அவ குசினிக்குள் போய்விட்டா. நடந்தது உனக்குத் தெரியும். முப்பதாம் திகதி பிரெஞ்சு பேசுகிற உங்கள் கியூபெக் மாகாணம் கனடாவை விட்டுத் தனிநாடாகப் பிரிவதா இல்லையா என்று நீங்கள் வாக்குப் போடப்போகிறீர்கள், நீயோ போன வருஷம்தான் பிரஜாவுரிமை எடுத்தவள், பிறந்த நாளில் இருந்து நீ போடப்போகும் முதல் வாக்கு இது. வேண்டாம் என்று போடு, போட்டுவிட்டு வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போ என்று நான் அரைமணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். நீ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சித்தப்பா எழுபத்தேழில இலங்கை எலெக்சனில நீங்களும் தமிழருக்குத் தனிநாடு என்று வாக்குப் போட்டனீங்கள்தானே, அண்டைக்கு விலைவாசி பார்த்தே போட்டனீங்கள் என்று ஒரு கேள்வி கேட்டாய். அந்த இடத்தில்தான் சுறா வந்தது.

இனி அந்தப் பிரசங்கம் எங்கே தயாரானது என்றும் சொல்லவேண்டும். அதற்கு முதல்நாள் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் சவிரிமுத்துவின் பலசரக்குக் கடைப் பின்பக்கத்தில், கத்தரிக்காய்ப் பெட்டிகளுக்கு நடுவே, ஈஸ்ட் ஹாம் சர்வதேசப் பொருளாதார மாநாடு கூடியது. தலைவர், பெற்றோல் செற்றில் கல்லாவில் இருக்கிற நான். மற்றப் பிரதிநிதிகள் சவிரிமுத்துவும், வாடகைக்கு மினிகாப் ஓடுகிற ஒருவரும், மிளகாய்த்தூள் வாங்க வந்து அகப்பட்டுக்கொண்ட ஒரு அப்பாவியும். கியூபெக் பிரிந்தால் மறுநாள் காலை டொலர் விழுகிற சத்தம் ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனில் கேட்கும், பிளாட்பாரத்தில் நிற்கிற சனம் காதைப் பொத்தும் என்று நான் முழங்கினேன். பெரிய கொம்பனிகள் எல்லாம் தலைமைக் கந்தோரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ரொறன்ரோவுக்கு ஓடும், மொன்றியலில் வீட்டு விலை கத்தரிக்காய் விலைக்கு வரும் என்றேன். கனடாவின் கடனை இரண்டு நாடும் எப்படிப் பங்குபோடும் என்று விளக்க ஒரு அரிசி மூட்டையைத் தூக்கி உதாரணம் காட்டினேன். மூட்டை பிரிந்து நாட்டுக் கடன் முழுவதும் தரையில் கொட்டுண்டுபோனது, சவிரிமுத்து அண்ணை பாதியைக் கூட்டி அள்ளினார், மிச்சம் இன்னும் பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. கடைசியில் சிவகௌரி குடும்பம் உடனே ரொறன்ரோவுக்கு மாறவேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. உன்னை ஒருவரும் கேட்கவில்லை. உலகத்தில் பெரிய மாநாடுகள் எல்லாம் அப்படித்தான் நடக்கின்றன என்று நினைக்கிறேன்.

இதற்கு மேலேயும் ஒன்று செய்தேன் மகள், கோபிக்காதே. அன்றைக்கே ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் இருக்கிற பரமேஸ்வரன் மச்சானுக்கு ரெலிபோன் எடுத்து, நீங்கள் மாத முடிவில் வருகிறீர்கள், அவருடைய வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்ற்றை ஒருவருக்கும் கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கெட்டிக்காரர், அடுத்தநாளே பெயின்ற் அடிக்கத் தொடங்கிவிட்டார். ரோஸ் நிறமாம்.

நேற்று உன் கேள்வியைக் கொண்டுபோய் மாநாட்டின் முன் வைத்தேன். நான் தனியாக ஏன் அவமானப்படவேண்டும், எல்லாரும் சேர்ந்து படலாம் என்ற நல்லெண்ணம்தான். கேட்டவுடன் மினிகாப் ஓட்டிக்கு அவசரமாக ஒரு சவாரி வந்துவிட்டது. சவிரிமுத்து அண்ணை நிறுத்த வெண்டிக்காயையே திரும்பவும் நிறுத்தார். கல்லாவில் இருந்த அவருடைய மனுசி லூர்தம்மா அக்காதான் வாயைத் திறந்தா. எழுபத்தேழில ஏழு மாச வயிற்றோட வெயிலில வரிசையில நிண்டு நானும் போட்டனான், போட்டது பிழை எண்டு இண்டைக்கும் சொல்லமாட்டன், ஆனா கனகலிங்கம், அந்த வாக்குக்குரிய விலையை இஞ்ச ஓடிவந்த நீங்களும் நானும் கட்டேல்லை, அங்க யுத்தத்துக்குள்ள இருந்ததுகள்தான் கட்டிச்சுதுகள், இப்பவும் கட்டுதுகள், நாளைக்கு மொன்றியலில இருக்கப்போறது அந்தப் பிள்ளை, நீங்கள் ஈஸ்ட் ஹாமில இருந்துகொண்டு அவளுக்கு என்னத்துக்குத் தீர்மானம் போடுறியள் என்று கேட்டா. பிறகு அரிசிக்கு என்ன கணக்கு என்றும் கேட்டா.

ஆகையால் மகள், தீர்மானம் ரத்து. பரமேஸ்வரன் மச்சானுக்கு நானே சொல்கிறேன். அவர் ஏசுவார், ரோஸ் பெயின்ற் பேணியோடு விமானம் ஏறி வந்து என்னை அடித்தாலும் அடிப்பார், அது என் பாடு. வீட்டுக்காரக் கிழவர் பயந்துபோய் நீங்கள் இருக்கிற வீட்டையே மலிவாகத் தருகிறேன் என்று சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். மலிவு என்று நீ நினைக்கிறாய், மாட்டிக்கொள்ளப்போகிறோம் என்று மருமகன் நினைக்கிறார். மருமகனை நான் பகிடி பண்ணமாட்டேன், அவருடைய முதலாளி தையல் பக்டரியை ஒன்ராறியோவுக்குக் கொண்டுபோவேன் என்று சொன்னால் யாரும் வீடு வாங்க யோசிப்பார்கள். ஆனால் நாலு வருஷம் பனிக்குள் நடந்துபோய் நீ படித்த பிரெஞ்சு அங்கே உனக்கு ஆஸ்பத்திரிப் பதிவு மேசையில் ஒரு கதிரை வாங்கித் தந்தது. ரொறன்ரோவில் அந்தப் பிரெஞ்சுக்கு ஒரு ஸ்டூலும் கிடைக்குமோ தெரியாது. இதை என் பிரசங்கத்தில் நான் சொல்லவே இல்லை. ஏன் என்றால், உங்களிடம் மொன்றியலுக்கு நான் வந்து நின்ற மூன்று கிழமையும் உங்கள் தெருவில் ஒருவரோடும் ஒரு பகிடி விட ஏலாமல் வாய் வீங்கிப் போனேன், சின்னவனும் என்னைப் பார்த்துப் பிரெஞ்சில் சிரித்தான். நீங்கள் ரொறன்ரோவுக்குப் போனால் எனக்கு வசதி, அங்கே தெருவுக்குத் தெரு தமிழில் பகிடி விடலாம். டொலர், கடன், கொம்பனி என்று நான் அடுக்கிய பொருளாதாரத்துக்கு அடியில் கிடந்தது இவ்வளவும்தான்.

இனி நீ கேட்ட கேள்விக்குப் பதில். நான் விலைவாசி பார்க்கவில்லை. பார்த்தது உன் அப்பா, என் அண்ணை. உனக்கு அப்போது பத்து வயசு, இது தெரிந்திருக்க நியாயம் இல்லை. வாக்குப் போடும் பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போனோம், அண்ணை உழக்கினார், நான் கரியரில் துரை மாதிரி இருந்தேன். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் அவர் வேலை செய்த காலம். வழி முழுக்க அவருக்கு அதே கதை. தம்பி, எங்கட சீமெந்து ரயில் ஏறித் தெற்கேதானே போகுது, அவங்கள் வேண்டாம் என்றால் ஆருக்கு விக்கிறது, வெங்காயமும் மிளகாயும் எங்க போறது, கரண்டு எங்க இருந்து வாறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு உழக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோழை என்றேன், நாட்டைத் தராசில் போட்டு நிறுக்கிற செட்டி என்றேன், சனம் திரும்பிப் பார்க்கப் பார்க்க ஏசினேன். என்னைச் சுமந்துகொண்டு உழக்கின மனுசனை அவருடைய கரியரில் இருந்தே ஏசினேன். அவர் உழக்கிக்கொண்டே இருந்தார். வாக்குப் போட்டு வெளியே வந்த பிறகு எதற்குப் போட்டாய் அண்ணை என்று கேட்டேன். ஏறடா போவம் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகும் அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் துணிவு வரவில்லை. இப்போது கேட்க அவரும் இல்லை. கணக்குப் பார்த்தால் மனசில் பற்று இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அண்ணைக்கு அந்த மண்ணில் என்னைவிடப் பற்று இருந்தது, அதனால்தான் அவ்வளவு கேள்வி கேட்டார், அதை விட்டு வர மனமில்லாமல் அங்கேயே கண்ணையும் மூடினார். கேள்வி கேட்காத நான்தான் முதலில் பிளேன் ஏறினேன். ஆகவே நீ பயப்படாமல் கணக்குப் பார், நாலு தரம் பார், பார்த்துவிட்டு உன் மனசுக்குப் பட்டதற்குப் போடு. வீட்டை வாங்கினாலும் சரி, விட்டாலும் சரி, இந்தச் சித்தப்பா உன் பக்கம். எதற்குப் போட்டாய் என்று எனக்குச் சொல்லவேண்டாம்.

வருகிற தீபாவளிக்குச் சின்னவனுக்கு ஒரு உடுப்பு அனுப்பியிருக்கிறோம், சித்தி அளவெடுத்த விதத்துக்கு அது மருமகனுக்கும் போடும். மூவரும் நோய்நொடி இல்லாமல், எந்த நாடாக இருந்தாலும் அதில் நல்ல சீவியம் சீவிக்க எங்கள் ஆசீர்வாதம். முப்பதாம் திகதி திங்கட்கிழமை, வேலை என்று சொல்லிப் போகாமல் விடாதே. மருமகன் ஒன்றுக்குப் போட நீ மற்றதுக்குப் போட்டாலும் பரவாயில்லை, பின்னேரம் ஒரு மேசையில் இருந்து ஒன்றாகச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பா
கனகலிங்கம்