இந்த டிசம்பர் மேட்டில்தான்

அன்புத் தோழி,

நேற்று அஸர் தொழுகைக்குப் பிறகு நம் கூடாரத்தை முற்றத்தில் விரித்துக் காயப்போட்டேன். விரித்ததுமே கருவாட்டு மணம். காட்டுக்குப் போகிறவர்கள் கூடாரத்துக்குள் கருவாட்டைச் சுற்றி வைப்பார்களா? நீ வைத்தாய். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், பிறகு அழுதேன். பக்கப் பையில் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதித் தந்த சாமான் பட்டியல் இருந்தது. படிக்கத் துணிவில்லாமல் அன்றைக்கே நான் செருகி வைத்தது.

டிசம்பர் விடுமுறைக்கு இரண்டு குடும்பமுமாக வில்பத்துக் காட்டுக்குப் போய்த் தங்கலாம் என்று நீ சொன்னபோது, ஆசிரியர் அறையே சிரித்தது. "மாரியில யாராச்சும் காட்டுக்குப் போவாங்களா?" என்று நானும் கேட்டேன். "நம்மட கல்பிட்டியில குளிரை எங்க போய்ப் பாக்குற? வா புள்ள, போய்ப் பாத்திட்டு வருவம்" என்றாய். அனுமதிக்கு எழுதிப்போட்டது முதல் தீப்பெட்டியை மழைக்காகப் போத்தலில் அடைத்தது வரை எல்லாம் உன் ஏற்பாடு. கூடாரம் அடிக்கும் இடத்தை மட்டும் உன் கணவரிடம் விட்டாய். கண்டக்குழிக் கடலில் முப்பது வருடம் தொழில் செய்தவர், தண்ணீரைப் பற்றி அவரிடம் யார் வாய் திறப்பது?

வில்லு என்று சொல்கிற அந்தக் காட்டுக் குளத்தின் கரையில், அலம்ப வசதியாக, தண்ணீருக்குப் பக்கத்திலேயே அடித்தார். மழை தூறியது. தண்ணீர் ஏறுகிறதே என்றேன். "ஏறுற தண்ணி எறங்காமப் போகுமா தங்கச்சி?" என்றார். விடியும்போது நம் செருப்புகள் மிதந்தன, அரிசி ஊறியிருந்தது. கூட வந்த வனக்காவலர் தனக்குத் தெரிந்த தமிழில், "ஐயா, இது கடல் இல்ல. சித்திரை வரைக்கும் எறங்காது" என்றார். நனைந்த பாயில் உட்கார்ந்து வயிறு நோகச் சிரித்தவள் நீதான். "அடுத்த வருஷம் மேட்டில கட்டுவம்" என்றாய்.

அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. முதலில் ஊரடங்கு, பிறகு உன் வருத்தம், ஆஸ்பத்திரி. போன மாரிக்கு முன் நீ மௌத்தாகி எங்களை விட்டுப் போனாய். அன்றிலிருந்து, நான் நானா என்று கூப்பிடும் உன் கணவர் கடலுக்குப் போவதோடு சரி, யாருடனும் கதையில்லை. உன் மகள் என்னிடம் வந்து, "மாமி, இந்த முறை போவம். ஆனா வாப்பா வந்தாத்தான் நானும் வருவன்" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் அனுமதிக்குப் பெயர்களைக் கொடுக்க வேண்டும். நானாவிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். "நான் வரல்ல. அவ இல்லாம எனக்கு என்னத்துக்குக் காடு?" என்று வலையைப் பார்த்தபடி சொன்னார். அவரை அப்படியே விட்டுவிடுவோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

இன்று காலை உன் பட்டியலை எடுத்துக்கொண்டு கண்டக்குழிக்குப் போனேன். சீனிக்கு மூடி இறுகிய டப்பா, பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, கருவாடு வேறு பையில் என்று நீளமாக எழுதியிருக்கிறாய். ஆனால் முதல் வரி இதுதான்: "மேட்டில் கட்டு. இவர் என்ன சொன்னாலும் கேட்காதே."

நானா அதை இரண்டு தடவை வாசித்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் அழுதார். கண்ணை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு, "ஓம் தங்கச்சி, எழுதுங்க என்ட பேரையும். எடத்தை நீங்களே பாருங்க, நான் வாய் திறக்கல்ல" என்றார்.

திறப்பார், எனக்குத் தெரியாதா? வில்லுக் கரையில் இறங்கியதும் கையை நீட்டி ஓர் இடம் காட்டுவார். நான் உன்னைப் போலவே இடுப்பில் கை வைத்து நின்று, அவர் கை நீட்டிய பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.