அப்பா ஏன் வாய் திறக்கவில்லை

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, ஒழுங்காகத் தூங்குகிறாயா? இங்கே எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம், மனசளவில் ஒருவரும் சௌக்கியமில்லை. முடிவெடுக்கும்வரை போன் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று சொல்லிவிட்டாய். சரி, பண்ணவில்லை. கடிதம் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லையே. இது வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்து சேர வேண்டுமே என்று அவசர அவசரமாக எழுதுகிறேன்.

கணக்குப் பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சியையும் சேர்த்துப் படிக்கும் வகுப்புக்கு அடுத்த வருஷம் மாறுகிறாயா, இல்லை கணக்கை மட்டும் முடித்துவிட்டு வெளியே வருகிறாயா என்று வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரிக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். பால்பல் விழுந்த வயதிலிருந்து பெரிய பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் ஆவேன் என்று எங்கள் காதைத் துளைத்தவள் நீ. கடைசியாகப் பேசியபோது, அப்பாவுக்கு இதுல இஷ்டமில்ல போலம்மா, ஒரு வார்த்தகூடப் பேச மாட்டேங்கிறாரு, அண்ணன் சொல்ற மாதிரி கம்ப்யூட்டர் வேலைக்கே போயிடறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. உன் அண்ணன் கெட்டதுக்குச் சொல்லவில்லை. மொதல்ல ரெண்டு காசு பாக்கட்டும்மா, டீச்சர் வேலை எங்க ஓடிப்போகுது என்கிறான். வேலை ஓடாதுதான், ஆனால் சம்பளம் வாங்கிப் பழகியபின் மறுபடியும் மாணவியாகப் போய் உட்கார எத்தனை பேருக்கு மனசு வரும், நீயே சொல்லு.

இப்போது அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நீ நம் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே வளர்ந்தவள், அவர் கண் பரிசோதிப்பதைப் பார்க்காதவளா? ஒரு கண்ணாடியைப் போடுவார், எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுவார், இது தெளிவா, அது தெளிவா என்று மட்டும் கேட்பார். நீங்களே சொல்லுங்களேன் என்று வந்தவர் கெஞ்சினாலும் உம்மென்று நிற்பார். அவர் முகம் கொஞ்சம் மலர்ந்தால் போதும், வந்தவர் அதையே தெளிவு என்று சொல்லிவிடுவாராம், அப்புறம் வீட்டுக்குப் போய் தலைவலி என்று படுப்பாராம். இந்த மனிதர் கடை வழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து பெற்ற பெண்ணிடமே உம்மென்று நிற்கிறார், நீ அதைக் கோபம் என்று நினைத்துவிட்டாய். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று நான் கடையில் பிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் உடைந்த கண்ணாடியைச் சரிபண்ண வந்தார். அப்பா சாப்பிடப் போயிருந்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, உங்க வீட்டுக்காரர் ஸ்கூலுக்கே வந்து என்னத் துளைச்சு எடுத்துட்டாருங்க, சேத்துப் படிச்சா நல்லதா, அப்புறமா தனியாப் படிச்சா நல்லதா, மொத வருஷம் டீச்சருங்க அழுவாங்களான்னு ஒரே கேள்வி என்றார். நானும் அழுதிருக்கேன்னு சொன்னதும் நேரா காலி வகுப்புல கடைசி பெஞ்சுல போய் உக்காந்து, இங்கேர்ந்து பாத்தா போர்டு தெரியுதான்னு பாத்தாரு என்றார். கல்லூரியிலிருந்து ஒரு பள்ளிக்குப் பாடம் நடத்திப் பார்க்கப் போனபோது கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று என்னிடம் அழுதாயே, அதை அப்பாவிடம் நான்தான் சொன்னேன். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது.

அப்பா வந்ததும் பிடித்துக்கொண்டேன். இத அவகிட்ட சொன்னா என்ன, வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும் என்றேன். நான் ஒண்ணச் சொன்னா அவளும் அதையே சொல்லிடுவா, அப்புறம் காலம்பூரா தலைவலி அவளுக்குத்தானே என்றார். இப்ப மட்டும் என்ன, நீங்க பேசாததப் பாத்துதான் அவ டீச்சர் படிப்பையே விடப்போறா என்று கத்திவிட்டேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. அதை அவர் யோசிக்கவே இல்லையடி.

அவர் சொல்ல மாட்டார், எனக்கு அந்த விரதமெல்லாம் கிடையாது. நீ டீச்சர் ஆக வேண்டும் என்பது என் ஆசை. சேர்த்தே படித்துவிடு, வருஷம் ஒன்று கூடினால் கூடட்டும். வடிவியல் பயமாக இருக்கிறது என்று தள்ளிப்போடாதே, நாளைக்கு அதையும் நீதான் நடத்த வேண்டும். பயிற்சிக்கு விடுதிக்குப் பக்கத்துப் பள்ளியைக் கேட்டு வாங்கு. எழுதும்போது வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நிற்காதே என்று அந்த டீச்சரும் சொல்லச் சொன்னார். இவ்வளவுக்குப் பிறகும் உனக்கு அந்தக் கம்ப்யூட்டர் வேலைதான் வேண்டுமென்று தோன்றினால் போ, ஒருவரும் முகம் சுளிக்க மாட்டோம். ஆனால் உன் மனசுக்குத் தெரிந்ததைப் பார்த்துச் சொல், அப்பாவின் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லாதே.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. இன்னும் எழுதலாம், அப்பா விடவில்லை. ஒரு பெரியவருக்குக் கண் சோதிக்கும் பிரேமை மாட்டி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, தபால் எடுத்துட்டுப் போயிடுவாங்க, முடிச்சியா முடிச்சியா என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா