பச்சைத் தேநீர் பாட்டில்

மே 9, திங்கள்

மனைவி யூச்சின் போட்டு முடித்த இன்சுலின் ஊசிகளைக் கிளினிக்கில் இப்போது திரும்ப வாங்குவதில்லை. கொரோனாத் தொற்று அடங்கட்டும் என்கிறார்கள். ஒரு மாத ஊசிகளைக் காலித் தேநீர் பாட்டிலில் போட்டு மூடி, ஒட்டு நாடா சுற்றினேன். பாட்டில் பிளாஸ்டிக். ஆகவே மறுசுழற்சிக்குப் போகும் பிளாஸ்டிக் பைக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மாலையில் குப்பை வண்டி பாட்டோடு வந்தது. தொற்றுப் பரிசோதனைக் குச்சிகளை மறுசுழற்சிப் பையில் போட்டிருந்தார் பழக்கடை லியாவ். "பப்பாளியைத் தின்றுவிட்டு விதையைச் சட்டைப் பையிலா வைத்துக்கொள்வீர்கள்?" என்று விளக்கினேன்.

"வாத்தியாரே, உங்க பள்ளிக்கூடத்துக்கு லீவே கிடையாதா?" என்றார்.

மே 11, புதன்

வண்டி வராத நாள். இரண்டு பேர் சாப்பிட்டு எப்படி இத்தனை டப்பா?

மே 13, வெள்ளி

மறுசுழற்சி வண்டியில் எப்போதும் நிற்கும் யாலிங்கைக் காணோம். புது ஆள் சொன்னார்: திங்களன்று பாட்டிலை நசுக்கும்போது ஊசி கையுறையைத் துளைத்து அவள் விரலில் ஏறிவிட்டதாம். யாருடைய ஊசி என்று தெரியாது. நோய் எதுவும் ஒட்டவில்லை என்று உறுதியாக மூன்று மாதம் ஆகும். அதுவரை குழந்தைக்குப் பால் கொடுக்கக் கூடாது. ஆறு மாதக் குழந்தை.

"என்ன பாட்டில்?"

"பச்சைத் தேநீர். நாடா சுத்தியிருந்துச்சு."

"எந்தப் படுபாவியோ! வாத்தியாரே, அவன் மட்டும் கிடைச்சா நல்லா ஒரு பாடம் எடுங்க" என்றார் லியாவ்.

எடுக்கிறேன் என்றேன்.

மே 14, சனி

அந்தத் தேநீரை ஊரே குடிக்கிறது. நாடாவும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது — இல்லை. நான்தான்.

காலையில் யூச்சினிடம் சொன்னேன். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அப்புறம் ஏன் இன்னும் இங்க உக்காந்திருக்கீங்க? என் ரத்தத்தப் பாத்தா போதுமே, அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிடுமே!"

எனக்கு அது தோன்றவேயில்லை. தெரு என்ன சொல்லும் என்றுதான் இரவெல்லாம் யோசித்திருக்கிறேன்.

குப்பை வண்டிப் பணிமனைக்குப் போனோம். யாலிங் அங்கே மேசை வேலையில் இருந்தாள். "நீங்களா, சார்?" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், "நீங்களா?"

திட்டியிருக்கலாம்.

மே 17, செவ்வாய்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. யூச்சினுக்குச் சர்க்கரையைத் தவிர வேறொன்றும் இல்லை. "அது ஒண்ணு போதாதா" என்கிறாள்.

வண்டிக்குக் காத்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னேன். லியாவ் தன் பையை இறுக்கிக் கட்டினார். பிறகு, "மழ வரும்போல இருக்கு" என்றார்.

ஜூன் 24, வெள்ளி

யாலிங் இன்று வண்டி வேலைக்குத் திரும்பினாள். என்னிடம் பேசவில்லை. என் பையைப் பிரித்து ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பின்னால் வரிசை நின்றது. நானும் நின்றேன்.

குழந்தை எப்படி இருக்கிறான் என்று யூச்சின் கேட்டாள்.

"பல்லு முளைச்சிருச்சு அத்தை. பால் குடிக்கிறப்பவே கடிக்கிறான், குட்டிப் பிசாசு."