பாப்பா வாசித்த சீட்டு

சங்கரன்கோவில்
14.7.83

பாப்பா அப்பாவுக்கு,

இதைத் தூக்குச்சட்டிக்குள் வைக்கிறேன். நேரில் கேட்டால் மழுப்புவீர்கள்.

நீளமான இங்கிலீஷ் வார்த்தையைக் கைதட்டித் துண்டு துண்டாக வாசிக்க ட்யூஷன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது என் வினை. நேற்று உங்கள் அழுக்குச் சட்டைப்பையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பாப்பா வாசித்துவிட்டாள்.

“ட்யூ… பர்… கு… லோ… சிஸ். அஞ்சு தட்டும்மா! அப்படின்னா என்ன?”

ஏதோ ஊர்ப்பெயர் என்றேன். “அப்பா அங்கன போப்போறாவளா?” என்று கேட்டாள்.

தனி வட்டில், தனிப் பாய், பிள்ளையைக்கூட மடியில் ஏற்றாதது, எல்லாம் என்மேல் உள்ள கோபம் என்றல்லவா நினைத்தேன்? மூன்று மாதம் நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டே சோறு போட்டேனே!

திங்கட்கிழமை பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன். பாப்பாவிடம் சொன்ன அந்த ஊருக்கு உங்களைத் தனியாக விடமாட்டேன்.

பாப்பா அம்மா